லுசேர்னில் உங்களுக்கு விருந்து இல்லை

மகளே,

வீட்டில் இப்போது நானும் கலியாணப் பலகாரப் பெட்டிகளும்தான் இருக்கிறோம். நீ வேலைக்குப் போய்விட்டாய். அம்மா உன் கூறைச் சேலைக்குச் சட்டை தைக்கக் கொடுத்த இடத்துக்கு மறுபடியும் சண்டை பிடிக்கப் போயிருக்கிறாள். எனக்கு இன்று பஸ் ஓட்டும் ஷிப்ட் இல்லை. இந்த நேரத்தில் மண்டபக்காரனுக்கு ஃபோன் எடுத்துக் கதிரைகளைப் பற்றிக் கேட்கவேண்டிய மனிதன், குசினி மேசையில் குந்தியிருந்து உனக்குக் கடிதம் எழுதுகிறேன். நேரில் சொல்லத்தான் இரண்டு நாளாகப் பார்த்தேன். நான் வாயைத் திறக்கும் முன்பே நீ "இட்ஸ் ஃபைன், அப்பா" என்று சொல்லிவிட்டு மேலே ஏறிப் போய்விடுகிறாய். கதவை அடித்துச் சாத்தியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நீ மெதுவாகச் சாத்துகிறாய், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும், ஆனால் எப்படி நடந்தது என்று தெரியாது. சுவிஸில், பேர்ணிலிருந்து உன் அத்தை வீடியோவில் வந்தாள். விசா மறுபடியும் மறுத்துவிட்டார்கள், கலியாணத்துக்கு வர ஏலாது என்று சொல்லி அழுதாள். எனக்கு இருப்பது ஒரே ஒரு தங்கச்சி. நீ பிறந்தபோதும் அவளால் வர முடியவில்லை, இப்போதும் முடியவில்லை. அவளைத் தேற்ற எனக்கு ஏதாவது சொல்லவேண்டும் போல இருந்தது. கையில் வேறு ஒன்றும் இல்லாததால் உன் இரகசியத்தை எடுத்துக் கொடுத்துவிட்டேன். "அழாதை தங்கச்சி, கலியாணம் முடிஞ்ச கையோடை பிள்ளையள் உங்கதான் வருகினம். லுசேர்னிலை நாலு நாள்" என்றேன். கண்ணீர் நின்றுவிட்டது. "லுசேர்னோ! இஞ்சயிருந்து ஒரு மணித்தியால ரயில் அண்ணை!" என்று துள்ளினாள். அவள் முகத்தைப் பார்த்து நானும் சந்தோசப்பட்டேன். எவ்வளவு பெரிய மடையன் நான் என்று அப்போது விளங்கவில்லை.

பிறகு நடந்தது எங்கள் சனத்தின் வழமை. மாப்பிள்ளை பொம்பிளை ஓர் ஊருக்கு வருகிறார்கள் என்றால், அந்த ஊரில் இருக்கிற உறவு எல்லாம் முறை வைத்து விருந்துக்குக் கூப்பிடவேண்டும். கூப்பிடாவிட்டால் கூப்பிடாதவருக்கு மரியாதை இல்லை, போகாவிட்டால் போகாதவருக்கு மரியாதை இல்லை. அன்று பொழுது சாய்வதற்குள் அத்தை எல்லாவற்றையும் பங்கு பிரித்துவிட்டாள். ஸ்டேஷனுக்கு மாமா கார் கொண்டு வருவார். முதல் நாள் அவள் வீடு, அடுத்த நாள் பாசலில் பெரியப்பாவின் மகன், அதற்கடுத்த நாள் சூரிச்சில் இன்னொருவர், கடைசி நாள் மறுபடியும் அத்தை வீட்டில் எல்லோருக்கும் பெரிய சாப்பாடு. ஏரியை எப்போது பார்ப்பது? "ஒருநாள் பின்னேரம் காரிலை கொண்டுபோய்க் காட்டலாம் அண்ணை. வீடு இருக்கேக்க ஹோட்டல் என்னத்துக்கு? ரூமைக் கான்சல் பண்ணச் சொல்லுங்கோ." இதற்கெல்லாம் நான் என்ன சொன்னேன் என்று நினைக்கிறாய்? "ஓம்" என்றேன். நான் எல்லோருக்கும் அதைத்தான் சொல்லுவேன். என்னிடமிருந்து நீ எதைப் பழகினாலும் அதைப் பழகாதே.

நீயும் மாப்பிள்ளை நிருவும் அந்த நான்கு நாளுக்காக எப்படி மிச்சம் பிடித்தீர்கள் என்று எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. மத்தியானச் சாப்பாட்டை வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போனாய். நிரு காரை விற்றான். வீடு வாங்க முற்பணம் சேரும் வரைக்கும் மோர்டனில் அவனுடைய அம்மா அப்பாவோடு இருக்கப்போகிறீர்கள். சம்பந்திகள் தங்கமான மனிதர்கள்தான், அதில் குறை இல்லை. ஆனால் அந்த வீட்டின் சுவர் எவ்வளவு மெல்லிசு என்று நான் பார்த்திருக்கிறேன். நிச்சயதார்த்தத்தன்று மேலே யாரோ தும்மியது கீழே நமக்குக் கேட்டது. ஆகவே அந்த நான்கு நாளும் வெறும் ஊர் பார்க்கிற பயணம் இல்லை. எவருடைய காதிலும் விழாமல் நீங்கள் இரண்டு பேரும் கதைக்கக் கிடைக்கப்போகிற நாட்கள் அவை மட்டும்தான், இன்னும் சில வருடங்களுக்கு. இது எனக்கு விளங்கும். எப்படி விளங்கும் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீ லுசேர்னுக்கு முதல்தடவை போவதாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். இல்லை. உனக்கு மூன்று வயதில் அங்கே போயிருக்கிறாய். என் சித்தப்பாவின் மகனுக்கு சுவிஸில் கலியாணம். லண்டனிலிருந்து வான் பிடித்துப் போனோம், மூன்று வான். டோவரில் கப்பல் ஏறி, பிரான்ஸ் முழுக்க ஓடி, கலியாண மண்டபத்தில் இறங்கி, சாப்பிட்டு, படம் எடுத்து, அடுத்த நாள் விடியத் திரும்பிவிடவேண்டும். அப்படித்தான் நாங்கள் ஐரோப்பா பார்த்தோம். பாரிஸில் ஒரு மண்டபம், ஜெர்மனியில் ஒரு மண்டபம், ஒஸ்லோவில் ஒரு மண்டபம். எல்லா மண்டபத்துக் கதவிலும் ஒரே வாழைமரம், எல்லா மேடையிலும் ஒரே பிளாஸ்டிக் யானை. சுவிஸ் எப்படி என்று யாராவது கேட்டால், வடை கொஞ்சம் எண்ணெய் கூட என்று சொல்லக்கூடிய ஆட்கள் நாங்கள்.

திரும்பி வரும் வழியில், சுவிஸுக்கு வந்துவிட்டு ஏரியைப் பார்க்காமல் போவதா என்று யாரோ சொல்ல, லுசேர்னில் மூன்று வானையும் நிறுத்தினார்கள். காலை நேரம். எல்லோரும் இறங்கி வரிசையாக நின்று படம் எடுத்தோம். நீ சிறுநீர் கழிக்கவேண்டும் என்று காலைப் பின்னிக்கொண்டு நின்றாய். அம்மாவும் நானும் உன்னைத் தூக்கிக்கொண்டு ரயில் ஸ்டேஷனுக்குள் ஓடினோம். திரும்பி வந்தால் வான் நின்ற இடத்தில் ஒரு வானும் இல்லை. முதல் வானில் இருந்தவர்கள் நாங்கள் இரண்டாவது வானில் என்று நினைத்தார்கள். இரண்டாவது வானில் இருந்தவர்கள் மூன்றாவது வானில் என்று நினைத்தார்கள். மூன்றாவது வானில் இருந்தவர்கள் ஒன்றும் நினைக்கவில்லை, நித்திரை. பிரான்ஸ் கரையில், கலேயில் கப்பல் ஏற பாஸ்போர்ட் காட்டும் இடத்தில்தான் எங்களைக் காணவில்லை என்று கண்டுபிடித்தார்களாம். நல்லவேளை, எங்கள் பாஸ்போர்ட்டுகள் அம்மாவின் கைப்பையில் இருந்தன.

அம்மாவின் தலையில் கலியாண வீட்டு மல்லிகை இன்னும் இருந்தது, வாடி, பழுப்பாக. என் கையில் ஒரு பலகாரப் பை. சட்டைப் பையில் கொஞ்சம் சில்லறை. ஸ்டேஷன் வாசலில் டெலிஃபோன் பெட்டி ஒன்று நின்றது. அத்தையின் நம்பர் எனக்குப் பாடம். நான் நேரே அந்தப் பெட்டியை நோக்கி நடந்தேன். காசை உள்ளே போடப் போகும் நேரம் அம்மா என் கையைப் பிடித்தாள்.

"இஞ்சருங்கோ. இப்ப எடுத்தால் இப்பவே வந்திடுவினம்."

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் தெரிந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "கொஞ்சம் பொறுத்து எடுப்பம்" என்றாள். எனக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். அந்நிய நாடு, பாஷை தெரியாது, சின்னப் பிள்ளை கையில். ஆனால் அவள் அந்தக் காசை என் கையிலிருந்து எடுத்துத் தன் உள்ளங்கையில் பொத்திக்கொண்ட விதத்தில் என்னவோ இருந்தது. நான் உன்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டேன்.

அந்தக் காலத்தில் நாங்கள் எங்கே இருந்தோம் என்று உனக்கு ஞாபகம் இருக்காது. கிழக்கு லண்டனில், பிளேஸ்டோவில் ஒரு வீடு. மேலே என் அண்ணையின் குடும்பம், கீழே முன்னறையில் ஊர்ப் பெடியன்கள் மூன்று பேர், பின்னறையில் நாங்கள். நான் பெட்ரோல் ஸ்டேஷனில் வேலை செய்துவிட்டு வந்தால், பெடியன்கள் நித்திரை, மெதுவாகக் கதைக்கவேண்டும். அவர்கள் எழும்பினால் நான் நித்திரை, அம்மா மெதுவாக நடக்கவேண்டும். சண்டை பிடிப்பதென்றாலும் குசுகுசு என்றுதான் பிடிப்போம். கலியாணம் முடித்து ஐந்து வருடமாகியும் நாங்கள் இருவரும் ஒரு நாளாவது முழுக் குரலில் கதைத்ததில்லை. நான் மிகைப்படுத்துவதாக நினைத்தால் அம்மாவைக் கேள்.

அப்படிப்பட்ட இரண்டு பேர் அன்று காலை அந்த மரப்பாலத்தில் ஏறினோம். ஆற்றின் மேல் வளைந்து வளைந்து போகும் பாலம், தலைக்கு மேலே கூரை. கூரையின் கீழே முக்கோணப் பலகைகளில் பழைய ஓவியங்கள். இடையில் கொஞ்சத் தூரம் ஓவியம் இல்லாமல் கரிந்த மரம் மட்டும் இருந்தது. எப்போதோ தீப்பிடித்ததாம், பிறகுதான் அறிந்தேன். கீழே தண்ணீர் ஒரு வகைப் பச்சை. அன்னங்கள் நின்றன. நீ அவற்றை வாத்து என்று நினைத்துத் தாரா என்றாய். அம்மா அன்னம் என்றாள். நீ விடவில்லை, "இல்லை, பெரிய தாரா!" என்று பாலம் அதிரக் கத்தினாய். அம்மா சிரித்தாள். மகளே, அது வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும் சிரிப்பு இல்லை. வயிற்றிலிருந்து வந்து, கூரையில் பட்டு, எங்களிடமே திரும்பி வந்தது. முன்னால் போன கிழவர் ஒருவர் திரும்பிப் பார்த்துத் தொப்பியைத் தூக்கினார். உன் அம்மா எப்படிச் சிரிப்பாள் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

பிறகு நேரம் எப்படிப் போனது என்று என்னால் ஒழுங்காகச் சொல்ல முடியாது. ஓர் ஒழுங்கில் அது எனக்கு ஞாபகமில்லை. பழைய நகரத்துக்குள் நடந்தோம். வீடுகளின் சுவர் முழுக்கப் படம் கீறி வைத்திருந்தார்கள், திராட்சைக் கொடியும் மனிதர்களுமாக. ஒவ்வொரு முற்றத்திலும் ஒரு கல் தொட்டி, அதில் ஒரு குழாயிலிருந்து ஓயாமல் தண்ணீர். உனக்குத் தாகம். குடிக்கலாமா கூடாதா என்று நான் யோசித்துக்கொண்டு நிற்க, நாயோடு வந்த ஒரு பெண் தன் போத்தலை நிரப்பிக் குடித்துவிட்டு, நாய்க்கும் கொடுத்துவிட்டுப் போனாள். நாமும் குடித்தோம், ஐஸ் போல இருந்தது. அந்த ஊரில் தண்ணீரை வாங்கிக் குடிக்காதே. நிருவுக்கும் சொல். அவன் பார்க்கும் இடமெல்லாம் போத்தல் வாங்குகிறவன்.

ஊருக்குப் பின்னால் மேட்டில் ஒரு பழைய மதில் இருக்கிறது, கோபுரம் கோபுரமாக. அதில் ஏறக் காசு கேட்பதில்லை. சில கோபுரங்கள்தான் திறந்திருக்கும், படி செங்குத்து, உன் அம்மாவின் செருப்பு இரண்டு தடவை கழன்று விழுந்தது. மேலே மணிக்கூட்டுக் கோபுரம் ஒன்று. அந்த ஊரின் மற்ற எல்லா மணிக்கூடுகளுக்கும் ஒரு நிமிடம் முந்தி அடிக்க அதற்கு மட்டும் உரிமை உண்டாம். நாங்கள் உள்ளே நிற்கும்போது அடித்தது. நீ என் கழுத்தைக் கட்டிக்கொண்டாய். அடித்து முடிந்து, ஊர் பேசாமல் கிடந்தது. பிறகு கீழே எங்கோ ஒன்று, அதற்குப் பிறகு இன்னொன்று என்று கோயில் கோயிலாக அடிக்கத் தொடங்கின. அந்த இடைப்பட்ட நேரத்தில் நாங்கள் மூன்று பேரும் ஜன்னலடியில் அசையாமல் நின்றோம். கீழே ஓட்டுக் கூரைகள், அவற்றுக்கு அப்பால் ஏரி, ஏரிக்கு அப்பால் மலை, மலையின் பாதி முகிலுக்குள். "அங்காலை என்ன இருக்கும்?" என்று அம்மா கேட்டாள். "இன்னொரு மண்டபம்" என்றேன். அதற்கும் சிரித்தாள்.

மதிலடிப் புல்லில் இருந்து பலகாரப் பையைத் திறந்தோம். அரியதரமும் பயத்தம் பணியாரமும் முறுக்கும். கடையில் சாப்பிட எங்களிடம் வழி இல்லை, அதனால் ஒரு குறையும் இருக்கவில்லை. நீயும் கடைகளை நம்பிப் போகாதே, அங்கே ஒரு தேத்தண்ணியின் விலையில் இங்கே ஒரு சாப்பாடு சாப்பிடலாம். அம்மா ஒரு போத்தலில் இடிச்ச சம்பல் தருவாள், வெட்கப்படாமல் கொண்டு போ. சூப்பர்மார்க்கெட்டில் அதோடு சாப்பிடப் பாண் வாங்கு, பூட்டும் நேரம் பார்த்துப் போனால் பாதி விலைக்குப் பழமும் இருக்கும். ரூம் எடுக்கும் இடத்தில் தருகிற விருந்தினர் கார்டை மறக்காமல் வாங்கு, அதைக் காட்டினால் நகரத்துக்குள் பஸ் சும்மா. பஸ்காரனாகச் சொல்கிறேன், ஓர் ஊரை அறியவேண்டுமென்றால் ஒரு பஸ்ஸின் கடைசித் தரிப்பு வரைக்கும் போய் அதே பஸ்ஸில் திரும்பி வா. கப்பலில் ஏரி முழுக்கச் சுற்றப் பணம் கொட்டவேண்டும். பக்கத்துத் துறைக்கு மட்டும் டிக்கெட் எடுத்து, போன தூரத்தைத் தண்ணீர்க் கரையோடு நடந்து திரும்புங்கள். நடந்து வருவதுதான் நல்லாயிருக்கும் என்று நான் நினைக்கிறேன். நாங்கள் கப்பல் ஏறவில்லை. வெள்ளைக் கப்பல் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு போவதைக் கரையில் இருந்து பார்த்தோம், அதற்குக் காசு கேட்கவில்லை.

மத்தியானத்துக்குப் பிறகு ஏரிக்கரைப் புல்லில் படுத்தோம். ஸ்டேஷனுக்குப் பின்பக்கமாகக் கொஞ்சம் நடந்தால் மணலும் புல்லுமாக ஓர் இடம் வரும், சனங்கள் சும்மா வந்து குளிக்கிற இடம். நீ எங்கள் நடுவில் விழுந்து உடனே நித்திரையாகிவிட்டாய். அம்மா கதைத்துக்கொண்டே இருந்தாள். ஊருக்கு அனுப்பவேண்டிய பணத்தைப் பற்றி இல்லை, கடன் எப்போது முடியும் என்று இல்லை. தான் பள்ளிக்கூடத்தில் நீளம் பாய்தலில் முதலாவதாக வந்ததைச் சொன்னாள். எனக்குத் தெரியவே தெரியாது. ஐந்து வருடமாக என்னோடு இருக்கும் பெண் ஒரு காலத்தில் பறந்திருக்கிறாள், அதை அவள் எனக்குச் சொல்ல ஓர் ஏரி வேண்டியிருந்தது. தண்ணீர் கரையில் மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தது. கதையின் நடுவிலேயே நான் உறங்கிவிட்டேன். கண் விழித்தபோது அவளும் உறங்கியிருந்தாள், மல்லிகை புல்லில் உதிர்ந்து கிடந்தது. எங்களை அறிந்த ஒருவரும் அந்த ஊரில் இல்லை. நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. அதை நினைக்க எனக்குப் பயம் வரவில்லை, உடம்பு லேசாக இருந்தது.

அம்மா பொத்தி வைத்திருந்த காசில் பாதியை உனக்கு ஐஸ்கிரீம் வாங்கி முடித்தோம். மீதிக் காசில்தான் பின்னேரம் அத்தைக்கு எடுத்தோம். அவள் அழுதுகொண்டிருந்தாள். கலேயிலிருந்து வான்காரர் எடுத்துச் சொல்லிவிட்டார்களாம், அண்ணையையும் அண்ணியையும் பிள்ளையையும் காணவில்லை என்று. "ஏன் அண்ணை இவ்வளவு நேரமும் எடுக்கேல்லை?" என்று கேட்டாள். "காசு இருக்கேல்லை, இப்பதான் ஒருத்தர் தந்தவர்" என்றேன். மாமா வந்து எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். அன்று அத்தை சமைத்த சாப்பாட்டை நான் தலை நிமிராமல் சாப்பிட்டேன். அந்தப் பொய்யை அவள் இத்தனை வருடமாக நம்பிக்கொண்டிருக்கிறாள். அவளை அழவைத்தது எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது. அந்த நாளை எடுத்துக்கொண்டதைப் பற்றி மட்டும் எனக்கு வெட்கம் இல்லை. பிளேஸ்டோவின் அந்தப் பின்னறையில் அதற்குப் பிறகும் கன வருடம் இருந்தோம், குசுகுசுத்துக்கொண்டுதான் இருந்தோம். ஆனால் குசுகுசுக்கிறவள் யார் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

இவ்வளவும் எழுதிவிட்டுப் பேனையை வைத்துவிட்டேன். ஏனென்றால் இதை உனக்கு எழுதுவதால் ஒன்றும் ஆகப்போவதில்லை. உன் நாட்களைப் பிடித்து வைத்திருப்பது நான் இல்லை, அத்தை. அவளிடம் பேசவேண்டும். அவளுக்கோ இந்தக் கலியாணத்தில் கிடைக்கப்போகும் பங்கு அந்த விருந்து மட்டும்தான். அதையும் எப்படிப் பறிப்பது? வெளியே, நம் இல்ஃபோர்ட் வீதியில் இரண்டு தடவை நடந்துவிட்டு வந்தேன். அம்மா வந்திருந்தாள், சட்டை தைக்கிறவளை வென்ற முகம். விசயத்தைச் சொன்னேன். "நீங்கள்தானே வாயைத் திறந்தனீங்கள். நீங்கள்தான் எடுக்கவேணும்" என்றாள். பிறகு, நான் ஃபோனைத் தேடும்போது, "உள்ளதைச் சொல்லுங்கோ. அந்தக் காசு என்ரை கையிலைதான் இருந்தது எண்டும் சொல்லுங்கோ" என்றாள்.

நான் ஃபோன் எடுத்தபோது அத்தை மா வறுத்துக்கொண்டிருந்தாள். இடியப்பத்துக்கு, உங்களுக்காக. அகப்பைச் சத்தம் எனக்குக் கேட்டது.

"தங்கச்சி, பிள்ளையள் விருந்துக்கு வரமாட்டினம்."

"ஏன் அண்ணை? மாப்பிள்ளை பகுதியிலை ஏதும் பிரச்சினையோ?"

"இல்லை. அந்த நாலு நாளும் அவைக்கு வேணும். திரும்பி வந்த உடனே மோர்டனிலை மாமா மாமியோடை இருக்கப்போகினம்."

"நான் என்ன பிடிச்சு வைக்கவே போறன்? ஒருநேரம் சாப்பிட்டிட்டுப் போகட்டுமன். என்ரை மருமகளுக்கு நான் ஒரு பிடி சோறு குடுக்கக்கூடாதோ?"

வழமையாக இந்த இடத்தில் நான் ஓம் என்றுவிடுவேன். நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அம்மா என் முன்னால் நின்றாள். நான் வானில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். டெலிஃபோன் பெட்டி, காசு, பாலம், மதில், புல். அகப்பைச் சத்தம் நின்றுவிட்டது.

"அப்ப காசு இருந்ததோ?" என்றாள்.

"இருந்தது."

"நான் அண்டைக்குச் செத்துப் பிழைச்சனான் அண்ணை."

"தெரியும். அதுக்கு என்னை மன்னிச்சுக்கொள்."

வைத்துவிட்டாளோ என்று ஃபோனைப் பார்த்தேன். பிறகு கேட்டாள், "அவ்வளவு நேரமும் அதிலை என்ன செய்தனீங்கள்?"

"ஒண்டும் செய்யேல்லை. நித்திரை கொண்டம்."

"மூண்டு பேருமோ?"

"ஓம்."

"நான் இந்த நாட்டுக்கு வந்து முப்பது வருசம்" என்று மெதுவாகத் தொடங்கினாள். "லண்டனாலை, கனடாவாலை வாற சனத்தை எல்லாம் அந்தப் பாலத்துக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறன். காரை நிப்பாட்டுவம், படம் எடுப்பம், அடுப்பிலை கறி கிடக்கெண்டு நான் எல்லாரையும் கலைச்சுக்கொண்டு ஓடிவருவன். நான் அதிலை ஒருநாளும் இருக்கேல்லை அண்ணை. அந்தப் புல்லு எங்க இருக்கெண்டே எனக்குத் தெரியாது."

நான் அழுதேன் மகளே. சொல்வதற்கு என்ன, அழுதேன். அம்மா ஃபோனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள். அத்தை அவளிடம் சொன்னது எனக்கும் கேட்டது.

"பிள்ளையளை விடுங்கோ அண்ணி. அவை தங்கடை பாட்டிலை திரியட்டும். பாசலுக்கும் சூரிச்சுக்கும் நான் சொல்லுறன். நீங்களும் அண்ணையும் வாங்கோ, என்னை அந்தப் புல்லுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. நான் சமைக்கமாட்டன்."

உன் அத்தை வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை நாங்கள் கேட்டதே இல்லை. அம்மா என்னைப் பார்த்தாள், நான் அம்மாவைப் பார்த்தேன்.

ஆகவே லுசேர்னில் உங்களுக்கு விருந்து இல்லை. ரூமைக் கான்சல் பண்ணியிருந்தால் உடனே திரும்பப் போடு. நாங்கள் நீங்கள் வந்த பிறகுதான் போவோம், எதிரே வந்து நிற்கமாட்டோம். அத்தையும் மாமாவும் நீங்கள் நிற்கிற நாட்களில் லுசேர்ன் பக்கம் தலை வைத்தும் படுக்கமாட்டார்கள், சத்தியம் வாங்கியிருக்கிறேன். போய் இறங்கியதும் அத்தைக்கு ஒரு வரி எழுதிவிடு, உங்கள் ஊருக்கு வந்துவிட்டோம் என்று. அதற்குப் பிறகு ஃபோனை அணைத்துப் பைக்குள் போடு. யார் கேட்டாலும் சொல்லாதே, எங்கே நடந்தீர்கள், எங்கே இருந்தீர்கள், என்ன கதைத்தீர்கள் என்று. உன் அப்பாவைப் பற்றி உனக்குத் தெரியும். இரண்டாம் நாளே எனக்குக் கை துறுதுறுக்கும், பிள்ளை சாப்பிட்டாளோ, குளிருக்கு ஏதாவது போட்டாளோ என்று கேட்கத் தோன்றும். நான் எடுத்தாலும் எடுக்காதே.

அப்பா